பையின் அடியில் கிடக்கும் தோட்டா: வேட்டைக்குப் போய்வரும் புதியவர்களுக்கு

"அண்ணே, ஊர்ல ஒரு ஏர்கன் சும்மாதான் கெடக்கு. அடுத்த தடவ போகும்போது கொண்டாந்துரவா? சுவத்துல மாட்டி வைக்கத்தான்."

சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் தேக்காவில் டீ குடித்துக்கொண்டே கேட்டார். கண்மாய்க்கரையில் கொக்கு சுட்டு வளர்ந்தவர். அவர் கண்ணில் அது காக்கா விரட்டும் சாமான். இங்குள்ள சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் ஏர்கன்னும் ஏர்பிஸ்டலும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அனுமதியில்லாமல் ஒரு துப்பாக்கியோ, தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருந்தால், கடத்தல்காரர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மரண தண்டனை வரை போகலாம். தம்பிக்கு இதைச் சொன்னதும் டீ ஆறிப்போனது.

மேலே 'தோட்டாவோ' என்று எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். யாரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கப்போவதில்லை. பையின் ஓரப் பாக்கெட்டில் மறந்துபோன ஒரு தோட்டாதான் ஆளை மாட்டிவிடும். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி முடித்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். சுடும் பயிற்சி முடிந்ததும், தன்னிடம் தோட்டாவும் இல்லை, காலி ஓடும் இல்லை என்று ஒவ்வொருவரும் வாய்விட்டு அறிவித்த பிறகுதான் அங்கிருந்து நகர முடியும். நிரந்தரவாசியானால் உங்கள் மகனும் ஒருநாள் அதைச் சொல்ல வேண்டிவரும். இப்போதே பழகிக்கொள்ளலாம்.

வேட்டைக்குப் போகாத குடும்பத்துக்கும் இதில் பங்குண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போன வருடம், திரும்பும்போது என் மகன் தன் கேப் துப்பாக்கியைத் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டான். சோதனையில் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். தகரத் துப்பாக்கியும் சிவப்புக் கேப் சுருளும் மேசைமேல் கிடக்க, அரைமணி நேரம் நின்று பதில் சொன்னேன். பெட்டி கட்டும்போது நான் பார்க்காமல் விட்டதுதான் தப்பு. பொம்மைத் துப்பாக்கி இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள். காவல்துறை உரிமப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். கேப் சுருளில் வெடிமருந்து இருக்கிறது, அது வேறு கணக்கு. பர்மா பஜாரில் விற்கும் பிஸ்டல் வடிவ லைட்டருக்கு ஒப்புதல் என்ற பேச்சே கிடையாது, அடியோடு தடை. ஐயனார் கோயில் வாள், அலங்கார வேல், குறுவாள் இவற்றுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வியட்நாமில் கூச்சி சுரங்கம் பார்க்கப் போகிறவர்கள் தோட்டாவில் செய்த சாவிக்கொத்து வாங்கி வருகிறார்கள். அது தோட்டாவா, வெறும் ஓடா என்று வாதாடும் இடம் சோதனைச்சாவடி அல்ல. அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி வேட்டை. சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காட்டுப்பன்றிக்கு ரொட்டி போட்டாலே முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கும் ஊர் இது. சுடும் ஆசை அடங்காதவர்கள் ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து, அதன் விதிப்படி, அதன் கூரைக்குள்ளேயே சுடலாம். ஆனால் இங்கே வந்து கொஞ்சநாள் ஆனதும் இரண்டு திசைகளிலிருந்து அழைப்பு வரும்: ஒன்று மலேசியாவின் ஜோகூர், மற்றொன்று நியூசிலாந்து.

ஜோகூர்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது பக்கத்து வீடு மாதிரி. செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் மாமாவோ மச்சானோ உரிமத்தோடு இரட்டைக்குழல் வைத்திருப்பார். பன்றி வந்து கன்றுகளைத் தோண்டிப் போடுகிறது, ராத்திரி காவலுக்கு வாங்க என்பார். போகலாம், கூட நின்று பார்க்கலாம். "ஒரு தடவ சுட்டுப் பாருங்க மாப்ள" என்று கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். உரிமம் அவர் பேரில், உங்கள் பேரில் அல்ல. உரிமமில்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் மலேசியச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. மாமாவின் உரிமமும் போய்விடும், உறவும் அதோடு போகும்.

அதைவிட முக்கியமானது உங்கள் காடி. காவலுக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் உங்கள் வண்டியிலேயே ஏறுவார்கள். தோட்டாப் பெட்டி பின் இருக்கையில் கவிழும், ஒன்று உருண்டு இருக்கைக்கு அடியில் போகும். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு நீங்கள் கடற்பாலம் தாண்டி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வந்து நிற்பீர்கள். 'மாமாவோடது சார்' என்பது அங்கே எடுபடாது. ஆகவே மாமாவின் வண்டியிலேயே போங்கள், உங்கள் வண்டி அவர் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும். போட்டுக்கொண்டு போன சட்டை, பேன்ட், பை எல்லாவற்றையும் அங்கேயே உதறிப் பாருங்கள். பேன்ட்டின் பக்கவாட்டுப் பைகளை மறக்காதீர்கள். என் அனுபவத்தில் எல்லாம் தொலைவதும் அங்கேதான், கிடைப்பதும் அங்கேதான்.

நியூசிலாந்து வேறு கதை. நம்மூர்க்காரருக்கு அங்கே ஒரு வினோதமான சொந்தம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, தொட்டால் சிறை. அதன் தூரத்துப் பங்காளியான இமயமலை ஆட்டை 1904-ல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அடித்துத் தின்ன அங்கே வேறு மிருகம் இல்லை. ஆடு பெருகி, மலைச்செடிகளை மேய்ந்து தீர்த்தது. இப்போது அதைச் சுட்டுக் குறைப்பதே அரசின் வேலையாகிவிட்டது. இரண்டையும் வெகுகாலம் ஒரே பேரினமாகத்தான் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்துவிட்டார்கள். அங்கே நின்று குறிபார்க்க எனக்கு மனம் வரவில்லை என்பது தனிக்கதை.

அங்கே போகிறவர் துப்பாக்கி கொண்டுபோகத் தேவையே இல்லை. உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணித்தால், உரிமம் இல்லாதவரும் சாதாரண வேட்டை ரைஃபிளைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. வழிகாட்டியை அமர்த்தினால் ரைஃபிள் அவருடையது, தோட்டாவும் அவருடையது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது நல்ல பூட்ஸ் மட்டும். அந்தப் பூட்ஸில் ஒட்டிய மண்ணைத்தான் அவர்கள் விமான நிலையத்தில் துப்பாக்கியைவிடக் கடுமையாகப் பார்ப்பார்கள் என்று தோன்றும். சுத்தமாகக் கழுவிவிட்டுப் போங்கள். சொந்தத் துப்பாக்கியோடுதான் போவேன் என்பவருக்கு வருகையாளர் உரிமம், இறக்குமதி அனுமதி இரண்டும் தேவை. 2019-ல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊரிலிருந்து ஒரு நண்பர் உரிமம் பெற்ற தன் துப்பாக்கியோடு சாங்கி வழியாக நியூசிலாந்துக்குப் போகிறார் என்று வையுங்கள். "பெட்டி நேரா அங்க போயிரும், நான் சிங்கப்பூர்ல வெளியவே வரமாட்டேன்" என்று சொல்வார். விமானம் மாறுவதற்கும் இங்குள்ள காவல்துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இந்திய உரிமம் இந்தியாவோடு நின்றுவிடும். விமான நிறுவனத்தின் சம்மதம் தனி. துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, பூட்டிய பெட்டியில், சரக்கறைக்குப் போகும் சாமான்களோடு இருக்க வேண்டும். தோட்டா ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது, இரண்டு பேருடையதை ஒரே பெட்டியில் கட்டவும் கூடாது. அனுமதி கைக்கு வராமல் டிக்கெட் எடுக்கச் சொல்லாதீர்கள். எந்த விமானத்தில் வரலாம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள். துப்பாக்கியை உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி வைக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது கொம்பு, தோல், பல் எதையும் ஞாபகார்த்தமாகக் கட்டுவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றால் அனுமதிச் சீட்டில்லாமல் வரக்கூடாது. மாமா ஐஸ் பெட்டியில் கட்டித் தரும் பன்றிக்கறியை அங்கேயே வறுத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தோட்டா அகப்பட்டால்? எல்லை தாண்டும் முன் என்றால் உரிமக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சோதனைச்சாவடிக்கு வந்துவிட்டீர்கள் என்றால், பெட்டி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கும் நடக்காதீர்கள். எடுத்த இடத்திலேயே வைத்து, பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, காவல்துறைக்குப் போன் போடுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.