மீட்டர் இல்லாமல் கேமரா அருகே போகாதீர்கள்: ரேடியோகிராபி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெல்டிங் செய்த ஜாயிண்டின் உள்ளே விரிசலோ காற்றுத் துளையோ இருக்கிறதா என்று பார்க்க காமா கதிர்ப் படம் எடுப்பது பைப்லைன், பாய்லர், டேங்க் வேலைகளில் அன்றாட நடைமுறை. அதற்குப் பயன்படும் சோர்ஸ், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் பொருள், பெரும்பாலும் இரிடியம்-192. சில மில்லிமீட்டர் அளவே உள்ள சிறு உலோகத் துண்டு அது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள, வளையக்கூடிய கம்பி ஒன்றின் நுனியில் அதைப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கம்பியைத்தான் பிக்டெயில் என்கிறோம். வேலை இல்லாதபோது அது கேமரா எனப்படும் கவசப் பெட்டிக்குள் இருக்கும். படம் எடுக்கும்போது, தூரத்தில் நின்று கிராங்க் என்ற கைப்பிடியைச் சுற்றி, டிரைவ் கேபிளால் அதைத் தள்ளி, கைடு டியூப் என்ற குழாய் வழியே ஜாயிண்டுக்குக் கொண்டுபோவார்கள். இப்படி ஒருமுறை படம் எடுப்பதுதான் எக்ஸ்போஷர்.

இதன் வீரியத்தை எண்ணில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். சோர்ஸின் வலிமையைக் கியூரியிலும், உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட்டிலும் சொல்வார்கள். 50 கியூரி இரிடியம் சோர்ஸ் தடுப்பு எதுவும் இல்லாமல் வெளியே இருந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 மில்லிசீவெர்ட் ஏறும். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது சர்வதேச வரம்பு. அது அங்கே ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து சென்டிமீட்டருக்குள் வந்தால் இது நூறு மடங்காகிறது. கையால் பிடித்தாலோ, கைக்கான ஆண்டு வரம்பான 500 மில்லிசீவெர்ட் ஒரு நொடிக்குள் போய்விடும். தோல் சிவக்கும் அளவை எட்ட அதன் பிறகு சில நொடிகள் போதும்.

இவ்வளவு நடக்கும்போதும் உடலுக்கு எதுவும் தெரியாது. சூடு இல்லை, வலி இல்லை, வாசனை இல்லை. நம் ஐந்து புலன்களில் ஒன்றுகூட உதவாத இடத்தில், கதிர்வீச்சை அளந்து காட்டும், கையில் இருக்கும் சர்வே மீட்டர் ஒன்றுதான் கண். ரேடியோகிராபி விபத்துகளைப் பற்றிய அறிக்கைகளைப் படித்தால் ஊர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது, கருவியின் மாடல் மாறுகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: எக்ஸ்போஷர் முடிந்த பின் மீட்டரால் அளந்து பார்க்கவில்லை. அதனால் அந்தத் தவறைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

கிராங்கை நம்புவது

கிராங்கைச் சுற்றிக் கேபிளை முழுவதும் உள்ளே இழுத்தாயிற்று. போகும்போது எத்தனை சுற்றோ வரும்போதும் அத்தனை சுற்று. கடைசியில் கைப்பிடி இறுகியும் விட்டது. ஆகவே சோர்ஸ் கேமராவுக்குள் வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் தொழிலின் ஆகப் பெரிய தவறு.

சுற்றின் எண்ணிக்கை சொல்வது டிரைவ் கேபிள் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. கேபிளுக்கும் பிக்டெயிலுக்கும் இடையே உள்ள கொக்கி கழன்றிருந்தால் கேபிள் மட்டும் அழகாகத் திரும்பி வரும், சோர்ஸ் கைடு டியூபின் நுனியிலேயே கிடக்கும். கிராங்க் பிடித்த கைக்கு வித்தியாசமே தெரியாது. கைப்பிடி இறுகுவதையும் நம்ப முடியாது. டியூபில் மடிப்பு விழுந்திருந்தால் அங்கே சிக்கிக்கொண்டும் இறுகும்.

அனுபவமுள்ள ஆபரேட்டர் கிராங்க் சுற்றும்போது மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சோர்ஸ் கேமராவை விட்டு வெளியேறும் கணத்தில் முள் சட்டென ஏறும். டியூபின் நுனியில் மாட்டும், கதிரைத் தேவையான பக்கம் மட்டும் விடும் கவசமான கொலிமேட்டருக்குள் போய் உட்கார்ந்ததும் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். திரும்ப இழுக்கும்போது இதே ஏற்றம் மறுபடியும் வர வேண்டும், பிறகு பழைய நிலைக்கு விழ வேண்டும். இழுக்கும்போது அந்த இரண்டாவது ஏற்றம் வராமலே போனால் சோர்ஸ் இடத்தை விட்டு நகரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். ஏறிய முள் விழாமல் நின்றால் அது பாதி வழியில் நிற்கிறது.

அதன் பிறகும் வேலை முடியவில்லை. மீட்டரை முன்னால் நீட்டியபடி, முள்ளைப் பார்த்துக்கொண்டே கேமராவை நோக்கி நடக்க வேண்டும். கேமராவின் எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும். அங்கிருந்து கைடு டியூபின் வழியே கொலிமேட்டர் நுனி வரை மீட்டரைக் கொண்டுபோக வேண்டும். பலர் கேமராவை மட்டும் அளந்துவிட்டு, டியூபை அளக்காமலே அடுத்த ஃபிலிமை மாட்டக் கை வைக்கிறார்கள். கழன்ற சோர்ஸ் கிடப்பது டியூபின் அந்த முனையில்தான். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் லாக் செய்து சாவியை எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் நாற்பது எக்ஸ்போஷர் என்றால் நாற்பது முறையும் இதே சடங்கு. இருபதாவது முறை சலிப்பு வரும், இரவு வேலையில் தூக்கமும் சேரும். அந்த நேரத்துக்காகத்தான் இந்த விதி.

மீட்டரையே சோதிக்காமல் எடுத்துப்போவது

மீட்டர் கையில் இருந்தும் விபத்து நடந்ததுண்டு. பேட்டரி தீர்ந்த மீட்டர் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பாதுகாப்பு என்று படித்துவிடுகிறோம். வேலை தொடங்கும் முன் பேட்டரி சோதனை செய்துவிட்டு, பூட்டிய கேமராவின் மேல் மீட்டரை வைத்துப் பாருங்கள். சோர்ஸ் உள்ளே இருந்தாலும் கேமராவின் மேற்பரப்பில் கொஞ்சம் கதிர்வீச்சு இருந்தே தீரும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் ஒவ்வொரு முறையும் ஒப்பிட அதுவே அளவுகோல். அங்கேயே மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ஒன்று மீட்டர் வேலை செய்யவில்லை, அல்லது சோர்ஸ் கேமராவில் இல்லை. இரண்டில் எதுவானாலும் வேலையைத் தொடங்கக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கைகர் குழாய் உள்ள சில மீட்டர்கள், கதிர்வீச்சு மிக மிக அதிகமான இடத்தில் திணறிப்போய்க் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டிவிடும். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் போன பிறகு மீட்டரை ஆன் செய்யாதீர்கள். தூரத்திலேயே ஆன் செய்து, ஏறுகிறதா என்று பார்த்தபடி போங்கள். ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென்று விழுந்தால் நின்று, வந்த வழியே பின்வாங்குங்கள்.

கதிர்வீச்சு ஏறினால் ஒலி எழுப்பும் அலாரம் டோசிமீட்டரை மீட்டருக்கு மாற்றாக நினைப்பதும் தவறு. கிரைண்டிங், கம்ப்ரஸர் சத்தத்தில் அதன் ஒலி கேட்காமல் போகும். சட்டையில் குத்தும் டிஎல்டி பேட்ஜோ, எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைப் பல வாரம் கழித்துத்தான் சொல்லும். பேட்ஜைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பற்றி எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். விபத்து நடந்தால் அவர்களுக்குச் சிகிச்சை திட்டமிட மருத்துவரிடம் எந்தக் கணக்கும் இருக்காது.

கொக்கியும் டியூபும்

சோர்ஸ் கழன்றுபோவது பெரும்பாலும் வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. தேய்ந்த கொக்கி, சரியாக மாட்டாத இணைப்பு, மண்ணும் மணலும் அடைத்த முனை. தேய்மானத்தைப் பார்க்கத் தயாரிப்பாளரே அளவுக் கருவி தருகிறார். அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. மாட்டிய பின் இணைப்பை மெதுவாக இழுத்துப் பார்ப்பதற்குச் சில நொடிகள்தான் ஆகும். கைடு டியூபைத் தரையில் விரித்து, கையால் தடவி நசுக்கலோ மடிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே ஏதாவது விழுந்த டியூபை, வண்டி ஏறிய டியூபை “இன்று ஒரு நாள் ஓட்டிவிடலாம்” என்று எடுத்தால் சோர்ஸ் அங்கேதான் சிக்கும்.

சிக்கினால் கையால் சரிசெய்யப் போவது

சோர்ஸ் திரும்பவில்லை என்று தெரிந்ததும் வரும் முதல் உந்துதல், ஓடிப்போய் டியூபைத் தட்டி நேராக்குவது. “ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்” என்று தோன்றும். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: பத்து சென்டிமீட்டரில் ஒரு நிமிடம் என்றால் சுமார் 400 மில்லிசீவெர்ட், அதாவது இருபது ஆண்டுகளுக்கான அளவு. விரல் டியூபின் மேல் இருந்தால் இதைவிடப் பல மடங்கு.

ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மருத்துவ எக்ஸ்ரேக்கான அரை மில்லிமீட்டர் ஏப்ரனை இரிடியத்தின் காமா கதிர்கள் பெரும்பாலும் அப்படியே ஊடுருவிப் போய்விடும். இதைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஈயம் வேண்டும். ஏப்ரன் தருவது வீண் தைரியம்தான்.

செய்ய வேண்டியது வேறு. கிராங்க் இருக்கும் இடத்திலிருந்தே ஒன்றிரண்டு முறை மெதுவாக முன்னும் பின்னும் இயக்கிப் பார்க்கலாம். வரவில்லையா, பின்வாங்குங்கள். தடுப்பு எல்லையை மீட்டரால் அளந்து இன்னும் வெளியே தள்ளுங்கள். யாரும் உள்ளே போகாதபடி ஆள் நிறுத்துங்கள். அந்த இடத்தைக் காவல் இல்லாமல் விடாதீர்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். சோர்ஸ் சிக்கிய நிலையில் காவல் போட்ட எல்லைக்குள்ளேயே கிடக்கும்வரை அவசரம் எதுவும் இல்லை. நீண்ட இடுக்கி, ஈயக் குண்டுப் பைகள், ஒத்திகை பார்த்த குழு, ஒவ்வொருவருக்கும் நொடிக் கணக்கில் நேரம் என்று திட்டமிட்டு மீட்க இரவு முழுவதும் ஆனாலும் பரவாயில்லை. உற்பத்தி நின்றுபோகிறதே என்று மேலிருந்து வரும் அழுத்தம்தான் இங்கே உண்மையான எதிரி. அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது நிர்வாகம், கிராங்க் பிடித்திருக்கும் தொழிலாளி அல்ல.

வெளியே விழுந்த சோர்ஸ்

எல்லாவற்றையும்விடக் கொடிய விளைவுகள், அந்த வேலையோடு சம்பந்தமே இல்லாதவர்களுக்கு நேர்ந்திருக்கின்றன. 1984-இல் மொராக்கோவின் முகம்மதியாவில் கழன்று விழுந்த இரிடியம் சோர்ஸை வழிப்போக்கர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனார். எட்டுப் பேர் இறந்தார்கள். 1999-இல் பெருவின் யனாங்கோவில், ஒரு நீர்மின் நிலைய வேலையிடத்தில் கிடந்த சோர்ஸைப் பார்த்த வெல்டர், அது என்னவென்று தெரியாமல் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம் அது அங்கேயே இருந்தது. கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியிருந்தது. 2000-இல் எகிப்தின் மீத் ஹல்ஃபா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோன சோர்ஸால் அவரும் மகனும் இறந்தனர். 2002-இல் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் சோர்ஸ் கைடு டியூபுக்குள்ளேயே நின்றுவிட, அந்தக் கருவி பயணிகள் பேருந்தில் சரக்காக அனுப்பப்பட்டது.

சோர்ஸை எடுத்துப்போன இவர்களில் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்ல. பளபளக்கும் கம்பித் துண்டைக் கண்டால் யாரும் எடுத்துப் பார்ப்பார்கள். அதை அவர்கள் கண்ணில் படவிட்டதுதான் தவறு. ஆகவே வேலையிடத்தை விட்டுக் கிளம்பும் முன் கேமராவையும் டியூபையும் அளந்தே ஆக வேண்டும். அதோடு, அதே வேலையிடத்தில் இருக்கும் ஃபிட்டர், வெல்டர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் பிக்டெயிலின் படத்தைக் காட்டி, இதைக் கண்டால் தொடாதே, தூர விலகு, சொல்லி அனுப்பு என்று சொல்லிவைக்க வேண்டும். கதிர்வீச்சுச் சின்னம் மட்டும் போதாது, அதன் பொருள் பலருக்குத் தெரியாது.

கயிறு கட்டியதோடு விடுவது

தடுப்புக் கயிறு எங்கே என்பதைப் பழக்கத்தால் முடிவு செய்கிறார்கள். பல நாடுகளில் எல்லையில் மணிக்கு 7.5 மைக்ரோசீவெர்ட் என்பது ஏற்கப்பட்ட அளவு. 50 கியூரி இரிடியத்துக்குக் கொலிமேட்டரோ வேறு மறைப்போ இல்லை என்றால், இந்த அளவுக்கு இறங்க ஏறத்தாழ 180 மீட்டர் விலக வேண்டும். நூறில் ஒரு பங்காகக் குறைக்கும் கொலிமேட்டர் இருந்தால் 18 மீட்டர். கொலிமேட்டரை மாட்டாமல் விடுவது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். மேல்தளமும் கீழ்த்தளமும் எல்லைக்குள்தான் வரும். சாரத்தில் ஏறி நிற்பவரைக் கீழே கட்டிய கயிறு தடுக்காது.

இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். ஐந்து மாதத்தில் சோர்ஸ் கால் பங்காகத் தேய்ந்துவிடும், குழுவும் அந்தப் பலவீனமான சோர்ஸுக்கே பழகிவிடும். புதிய சோர்ஸ் வந்த வாரத்தில் பழைய தூரம், பழைய வேகம் என்று போனால் எல்லாம் நான்கு மடங்கு. புது சோர்ஸ் ஏற்றிய நாளில் எல்லையைப் புதிதாகக் கணக்கிட்டு, முதல் எக்ஸ்போஷரின் போதே மீட்டரால் சரிபாருங்கள்.

எக்ஸ்ரே மெஷினில் சோர்ஸ் கழன்று விழும் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது வேறொருவர் ஆன் செய்துவிடலாம். கன்ட்ரோல் சாவி உள்ளே போகிறவரின் சட்டைப்பையில் இருந்தால் அது நடக்காது.

மறைப்பது

கை பட்டுவிட்டது, ஆனால் வலிக்கவில்லை, சிவக்கவும் இல்லை. ஆகவே ஒன்றுமில்லை என்று வாயை மூடிக்கொள்வது கடைசித் தவறு. தோல் புண் வெளிப்பட ஓரிரு வாரம் ஆகலாம். முதலில் லேசாகச் சிவந்து, மறைந்து, பிறகு கொப்புளமாக வருவதும் உண்டு. சில மணி நேரத்தில் குமட்டலோ வாந்தியோ வந்தால் உடல் முழுவதும் பெரிய அளவு பட்டிருக்கிறது என்று பொருள். சந்தேகம் வந்த அன்றே பேட்ஜை அவசரமாக அளக்க அனுப்ப வேண்டும். எங்கே நின்றீர்கள், எந்தக் கை, எவ்வளவு நேரம் என்பதை நினைவு மங்கும் முன் எழுதி வைக்க வேண்டும். ரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். குரோமோசோம் சோதனை மூலம் பேட்ஜ் இல்லாதவருக்கும் ஏறத்தாழ எவ்வளவு பட்டது என்று கணக்கிட முடியும். மருத்துவரிடம் போகும்போது “கதிர்வீச்சு பட்டிருக்கலாம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணத் தீக்காயம் அல்லது பூச்சிக்கடி என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.