விண்வெளி நகைச்சுவைப் படக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவருக்காக விண்வெளிப் பயணத்தை நகைச்சுவையாக எழுத முனைவோரிடம் அடிக்கடி காணப்படும் தவறு, சிரிப்பூட்டுவதற்காக உண்மையைக் கைவிடலாம் என்ற எண்ணமே. விண்வெளியின் உண்மைகளே வேண்டிய அளவு வேடிக்கையானவை என்பதால், பொய்யான வேடிக்கையைத் தேடி அலையத் தேவையில்லை.

‘விண்வெளியில் ஈர்ப்பே இல்லை, அதனால்தான் எல்லோரும் மிதக்கிறார்கள்’ என்ற வரி பல கையெழுத்துப் பிரதிகளில் இடம்பெறுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலும், நிலத்தில் உள்ள ஈர்ப்பில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவர்களும் பூமியை நோக்கி ஓயாமல் விழுந்தபடியே, மிகுந்த பக்கவாட்டு வேகத்தால் நிலத்தில் மோதாமல் சுற்றிவருவதனால்தான் மிதக்கிறார்கள். விழுந்துகொண்டே இருந்தும் அடிபடாத ஓர் அம்மம்மாவை வரைந்தால் உண்மையும் சிரிப்பும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடும்.

சாப்பாட்டுப் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். அந்த அம்மம்மா காலிமுகத்திடலில் வாங்கிய இறால் வடையை விண்கலத்தில் கடித்தால், துகள்கள் கீழே விழாமல் மிதந்து கண்ணுக்குள்ளும் கருவிகளுக்குள்ளும் போகும். 1965இல் ஜெமினி 3 விண்கலத்தில் ஜோன் யங் ஒளித்து எடுத்துச் சென்ற சான்ட்விச்சும் அப்படித்தான் உதிரத் தொடங்கியதால், உடனே பைக்குள் திரும்பிப் போனது. அம்மம்மா தன் விண்கலத்தில் வடை சுடுவதாக எழுதினால், சூடான காற்று மேலெழாத அந்த இடத்தில் நெருப்புச் சுடர் உருண்டையாக நிற்கும் என்பதை ஓவியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விண்வெளிக்குச் சென்ற விலங்குகள் எல்லாவற்றையும் கேலிப் பாத்திரங்களாக்குவது எனக்கு உடன்பாடில்லை. 1957இல் ஸ்புட்னிக் 2இல் அனுப்பப்பட்ட லைக்கா, திரும்பி வருவதற்கான ஏற்பாடே இல்லாத பயணத்தில் சில மணி நேரத்தில் இறந்த நாய். கதைக்கு நாய் வேண்டுமென்றால், 1960இல் உயிருடன் மீண்ட பெல்காவும் ஸ்திரெல்காவும் இருக்கின்றன.

ஓவியத்தில் நிகழும் தவறுகளைப் பெரியவர்கள் கவனிக்காவிட்டாலும் குழந்தைகள் கவனிப்பார்கள். பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் வரையக் கூடாது. அங்கே நிலாவின் உடல்தான் மறைத்துக்கொண்டு நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கொழும்பில் மாலைப் பிறை பெரும்பாலும் தோணிபோலச் சாய்ந்து கிடக்கும்போது, வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அதை நிமிர்த்தி வரைவது நம் பிள்ளைகள் கண்ட வானத்தைப் பொய்யாக்குவதாகும்.

படம் சொல்வதை வசனமும் திரும்பச் சொல்வது இன்னொரு குறை. மாறாக, ‘கப்டன் மிகவும் துணிச்சலானவர்’ என்று எழுத்து சொல்ல, படத்தில் அவர் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்தால், வாசிக்கத் தெரியாத குழந்தையும் பெரியவரை முந்திக்கொண்டு சிரிக்கும். கறுப்பு நிறத்தையோ பருமனையோ திக்குவாயையோ சிரிப்புக்கு எடுத்துக்கொள்வதை முற்றாகக் கைவிட வேண்டும். அப்படிப்பட்ட குழந்தை ஒன்று அந்தப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கக்கூடும்.

அச்சு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விண்வெளிக் கதையில் பெரும்பாலான பக்கங்கள் கருநீலமாக இருப்பதால், வசனத்தை மெல்லிய வெள்ளை எழுத்தில் அமைக்கிறார்கள். படத்தை அச்சிடும் நான்கு வண்ண மைகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் மை உள்ளே புகுந்து மெய்யெழுத்தின் புள்ளியை மூடிவிடுவதால், ‘பட்டம்’ என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தை ‘படடம’ என்று வாசிக்க நேரிடும். எழுத்தைத் தடிப்பாகவும் பெரிதாகவும் வைத்து, அச்சகம் தரும் மாதிரித் தாளில் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே முழு அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.