கரையேற்றிய படகு, கைவிட்ட படகு: எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, வர்ணம் பூசுவார்கள். கரையில் நிற்கிற அந்தப் படகைப் பார்த்து, ‘இவர் தொழிலை விட்டுவிட்டார்’ என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் வேறொரு படகும் கிடக்கும். பலகை விரிந்து, நிழலுக்கு ஆடுகள் ஒதுங்குகிற படகு. அது இனி மிதக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பலகைக்குக் கொடுத்துவிட உடையவருக்கு மனசு வராது.

நான் ராமநாதபுரத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். தேவிபட்டினம், உச்சிப்புளி, பெரியபட்டினம் என்று கடலோர ஊர்களிலிருந்துதான் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். பாதி வழியில் வந்து நின்று, “மிஸ், இதைத் தொடரவா, விட்டுடவா?” என்று கேட்பார்கள். இரண்டே பதில்தான் உண்டு என்று நினைப்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. கடலில் ஓடும் படகு, கரையேற்றிப் பேணும் படகு, கழித்துவிட வேண்டிய படகு என்று மூன்று உண்டு. நாம் பெரும்பாலும் நடுவில் இருப்பதை மறந்துவிடுகிறோம். அதனால் பேண வேண்டியதை ஒரேயடியாக விடுகிறோம், அல்லது கழிக்க வேண்டியதை வருஷக்கணக்கில் கட்டிக் காக்கிறோம்.

போட்ட பணத்தையும் காலத்தையும் பார்ப்பது

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு கணினி வரைகலை வகுப்பில் சேர்ந்தேன். அம்மா சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். இரண்டாவது மாதமே அது எனக்கு வராது, அதில் விருப்பமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பத்து மாதம் போனேன். போன பணம் போனதுதான், வகுப்பில் இருந்தாலும் விலகினாலும் திரும்பாது என்பதை அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. மிச்சம் எட்டு மாதக் காலை நேரம் என் கையில்தான் இருந்தது. அதையும் சேர்த்து இழந்தேன். இன்று யாராவது “ஒரு வருஷம் படிச்சாச்சே மிஸ்” என்று தொடங்கினால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்குப் புதிதாக, ஒரு காசும் கட்டாமல் வந்திருந்தால் இதில் சேர்வாயா?

இதைவிடக் கடினமான நிலை ஒன்று இருக்கிறது. உனக்கு நன்றாக வருகிறது, பிடிக்கவும் செய்கிறது, ஆனால் காலம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. எங்கள் கரையில் இதை நேராகப் பார்த்திருக்கிறோம். கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரை மூழ்கி எடுப்பதும், வேகவைத்து மணலில் புதைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, மறுபடி வேகவைத்துக் காயவைப்பதும் இங்கே ஒரு கைத்தேர்ச்சி. எத்தனை கொதியில் இறக்குவது என்பது பார்வையிலேயே தெரியும் ஆட்கள் இருந்தார்கள். 2001இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. பிடிப்பதும் விற்பதும் குற்றம் ஆனது. அந்தத் தடை சரியா என்று இங்கே இன்றும் பேச்சு உண்டு. நான் சொல்ல வருவது அந்த மனிதர்களைப் பற்றி. சிலர் அதையே ரகசியமாகத் தொடர்ந்து வழக்கிலும் சிறையிலும் மாட்டினார்கள். வேறு சிலர் தங்களிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அடிக்கடல் எங்கே மணல், எங்கே பாறைத்திட்டு என்று தெரியும். மூச்சுப் பிடிக்கத் தெரியும். நீரோட்டம் தெரியும். இதெல்லாம் அட்டையோடு போகவில்லை. நண்டு வலைக்கும் சங்குக்கும் பாசி வளர்ப்புக்கும் அந்த அறிவு கூடவே வந்தது.

ஒரு திறமையை விடும்போது மேலே இருக்கிற பெயரை மட்டும் பார்க்கிறோம். அதற்கு அடியில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். டைப்ரைட்டிங்கை நிறுத்துகிற பெண்ணிடம் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கும் விரல்கள் இருக்கின்றன. தமிழில் பிழை கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது. அது பத்திரம் எழுதும் இடத்தில் உதவும், இ-சேவை மையத்தில் உதவும்.

வேலையையும் விருப்பத்தையும் ஒன்றாகக் கட்டுவது

ராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாமைப் பற்றி இங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாம் அவரை ‘விடாமுயற்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் விட்டவற்றையும் பார்க்க வேண்டும். திருச்சியில் இயற்பியல் பட்டம் முடிக்கும் நேரத்தில்தான், தனக்கு வேண்டியது பொறியியல் என்று உணர்ந்து சென்னைக்குப் போய் விமானப் பொறியியலில் சேர்ந்தார். விமானப்படை விமானி ஆக வேண்டும் என்ற ஆசையோடு டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. விமானி வேலை போயிற்று. வானத்தின் மேல் இருந்த விருப்பத்தை அவர் அதோடு சேர்த்துப் புதைக்கவில்லை. 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் பறந்தார். அவர் வீணையும் வாசிப்பார். அதை யாரும் அவருடைய தொழில் என்று எண்ணியதில்லை, வாசித்தது வீண் என்றும் சொன்னதில்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி அந்த வீணைதான்.

இதன் மறுபக்கமும் ஒரு தவறு. பிடித்ததெல்லாம் வருமானம் ஆக வேண்டும் என்பது. பனையோலையில் கொட்டான் முடைவதை மனதுக்கு ஆறுதலாகச் செய்துவந்த ஒரு அக்கா, கல்யாணத்துக்கு முந்நூறு என்று ஆர்டர் பிடித்தார். முடித்தும் கொடுத்தார். அதற்கப்புறம் ஓலையைத் தொட அவருக்குப் பல மாதம் ஆனது. சம்பாதிக்காத ஒன்று வீட்டில் இருக்கலாம். தப்பே இல்லை.

தோற்ற அன்றைக்கு முடிவெடுப்பது

தேர்வு முடிவு வந்த சாயங்காலம்தான் நிறையப் பிள்ளைகள் வகுப்பை விடுகிறார்கள். என் பெரியப்பா, வலை வெறுமையாக வந்த அன்றைக்குப் படகை விலை பேசக் கூடாது என்பார். நல்ல மீன்பாடு கிடைத்த அன்றைக்குப் புதுப் படகுக்கு முன்பணம் கொடுக்கவும் விடமாட்டார். இரண்டு நாளும் மனசு சமநிலையில் இல்லை. ஒரு மாதம் போகட்டும். தோல்வியின் சூடு ஆறிய பிறகும் காலையில் எழும்போது அந்த வகுப்பு பாரமாகவே இருந்தால், அப்போது விடலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுவது

தட்டச்சில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற 15 சொல்லைப் பிடிக்க, தினம் ஒரு மணி நேரம் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அதே மாதங்களில் டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், குரூப் 4 என்று நாலு இடத்துக்கு ஓடுகிறவர்கள் நாலிலும் ஆரம்பப் பாடத்திலேயே நிற்பதைப் பார்க்கிறேன். ஊரே போகிறது என்பதற்காகச் சேர்ந்ததும் அதில் ஒன்றாக இருக்கும். என் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு படகு கடலில் இருக்கலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதெல்லாம் கரையில் நிற்கட்டும்.

பேணுவது என்றால் என்ன என்று தெரியாமல் விட்டுவிடுவது

கரையேற்றிய மரப்படகு வெயிலில் ரொம்ப நாள் காய்ந்தால் பலகை விரியும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது பேணுவது ஆகாது. எதற்கு எவ்வளவு கவனிப்பு என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. நீச்சலும் சைக்கிளும் உடம்பில் தங்கிவிடும். பத்து வருஷம் கழித்துத் தண்ணீரில் இறங்கினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தட்டச்சில் விசை எங்கே என்பது விரலுக்கு மறக்காது, வேகம்தான் இறங்கும். வாரம் இரண்டு தடவை இருபது நிமிடம் அடித்தாலே அதைப் பெருமளவு பிடித்து வைக்கலாம் என்பது என் அனுபவம். புழங்காத மொழி, கணக்கு மென்பொருளின் படிகள், பாட்டின் வரிகள் ஆகியவைதான் சீக்கிரம் போகும். அவற்றுக்கு அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும்.

மறந்தே போனாலும் அது முழு நஷ்டம் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வில், மறந்துவிட்டதாகத் தோன்றியதை மறுபடி படிக்க முதல் தடவையைவிடக் குறைவான நேரமே ஆனது. என் அம்மா கடலில் பாசி எடுத்தவர். அவர் காலத்தில் இரும்பால் சுரண்டி எடுத்தவர்களும் உண்டு. அப்புறம் பாசி குறைவதைக் கண்டு, கையால் மட்டும் எடுப்பது, அடியை விட்டுவிட்டு எடுப்பது, மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அடி பாறையில் இருந்தால் திரும்ப வளரும். ஒரு திறமையை நிறுத்தும்போதும் அடியை விட்டு வையுங்கள். ஒரு நோட்டு, ஒரு பழைய வேலைப்பாடு, கற்றுக்கொடுத்தவரின் எண் போதும்.

யாருக்கும் கொடுக்காமல் விடுவது

பெரியப்பா வத்தை என்ற சிறு படகில் பாய் கட்டி ஓடியவர். கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடை எப்படி எழும், கொண்டல் காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். இப்போது இன்ஜின் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. அவருடைய பேரன் பாய் கட்டப் போவதில்லை, அதற்காக அவனைக் குற்றம் சொல்லவும் கூடாது. அவன் நர்சிங் படிக்கிறான். நன்றாகப் படிக்கட்டும். ஆனால் ஒரு திறமை ஊரில் ஒருவரிடம் மட்டும் மிஞ்சியிருந்தால், அதை விடுவது என்பது அந்த ஒருவரோடு முடிகிற விஷயம் இல்லை. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 வானொலி மீனவர்களுக்காகவே பேசுகிறது. அதுபோல ஒரு நிலையம் இல்லாத ஊரிலும் கையில் போன் இருக்கிறது. பேரன் விடுமுறைக்கு வந்தபோது மூன்று சாயங்காலம் பெரியப்பாவைப் பேசவைத்துக் குரலைப் பதிவு செய்தான்.

என் வீட்டில் தையல் மெஷின் ஒன்று துணி போர்த்தி ஆறு வருஷம் நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து மனசு குறுகுறுக்கும். போன தடைக்காலத்தில் அதற்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பக்கத்துத் தெருவில் தையல் பழகுகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். இந்தி நோட்டுகளைக் கட்டி மேலே வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை இறக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலில் நீந்துகிறேன். மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு.