ட்ரெய்லரில் கார் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ட்ரெய்லர் தளத்தில் ஏறி நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சாலையில் ட்ரெய்லர் ஆட்டம் போடுவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான் உருவாகிறது. நாலு சக்கரமும் தளத்துக்குள் இருப்பது மட்டும் போதாது. காரின் எடை ட்ரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுவே.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி கட்டியவர்கள் பழகிய இந்த இரண்டு சொற்களும் ட்ரெய்லருக்கும் அப்படியே பொருந்தும். பின்பாரம் கூடினால் ட்ரெய்லரின் முன்பகுதி லேசாகி, அதை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும். மெதுவாகப் போகும்வரை எதுவும் தெரியாது. வேகம் கூடிய பிறகு பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனாலும், பலமாகக் காற்று அடித்தாலும் வால் இப்படியும் அப்படியும் வீசத் தொடங்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். முன்பாரம் அளவுக்கு மீறினால் சிக்கல் வேறு மாதிரி வரும். இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கொக்கியில் இறங்கும் பாரம், ட்ரெய்லரும் காரும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வகை ட்ரெய்லர்களுக்கான கணக்கு. ஐரோப்பிய வகையில் இது இன்னும் குறைவு. எந்த வகையானாலும் கொக்கியின் தகட்டில் பொறித்திருக்கும் வரம்பைத் தாண்டக்கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் தூரம். ட்ரெய்லரின் சொந்த எடை 800 கிலோ, கார் 2,000 கிலோ, ஆக மொத்தம் 2,800 கிலோ. அப்படியானால் கொக்கியில் 280 முதல் 420 கிலோ வரை இறங்கலாம். காரை 20 செ.மீ. முன்னால் நகர்த்தினால் கொக்கியில் எவ்வளவு கூடும்? 2,000-ஐ 0.2-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 100 கிலோ. அப்படிப் பார்த்தால் நமக்குக் கிடைத்திருக்கும் முழு இடமும் 28 செ.மீ.தான், ஒரு சாணுக்குச் சற்று மேல். ‘கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன’ என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஒரே காரை அடிக்கடி ஏற்றுபவர் ஒரு முறை எடை மேடைக்குப் போய், சரியான இடம் கிடைத்ததும் முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தளத்தின் மேல் பெயின்ட் கோடு போட்டுவிடலாம். பிறகு கண்மதிப்பை நம்ப வேண்டியதில்லை.

எந்தக் காரையும் முன்பக்கம் முன்னால் பார்க்க ஏற்றுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். முன்சக்கர இயக்கக் கார்களில் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னால் இருக்கும், அவற்றை நேராக ஏற்றலாம். போர்ஷே 911, பழைய பீட்டில் போன்றவற்றில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அவற்றைப் பின்னோக்கி ஏற்றினால்தான் பெரும்பாலும் பாரம் சரியாக விழும்.

தாங்கும் எடையைத் தவறாகப் படிப்பது

3,500 கிலோ என்று ட்ரெய்லரின் தகட்டில் போட்டிருந்தால் 3,500 கிலோ காரை ஏற்றலாம் என்று பொருள் இல்லை. அதில் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். ட்ரெய்லர் 900 கிலோ என்றால் மிஞ்சுவது 2,600 கிலோ. காரின் டிக்கியில் கிடக்கும் சாமான்களும் அதற்குள்தான் வர வேண்டும். இழுக்கும் வண்டிக்கு ஒரு வரம்பு, கொக்கிக்கு ஒரு வரம்பு, டயருக்கு ஒரு வரம்பு என்று தனித்தனியாக உண்டு. எது குறைவோ அதுதான் நம் வரம்பு. மின்சாரக் கார்களில் உருவத்தைப் பார்த்து எடையைச் சொல்ல முடியாது. ஹம்மர் மின்சார வண்டி சுமார் 4,000 கிலோ.

ரேம்ப்பில் நடக்கும் தவறுகள்

கொக்கியில் மாட்டாமல் நிற்கும் ட்ரெய்லரில் கார் ஏற்றவே கூடாது. கார் ரேம்ப்பை, அதாவது ஏற்றச் சாய்வுப் பலகையை, தாண்டி வாலில் ஏறும் அந்தக் கணத்தில் முழு எடையும் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் முன்பகுதி சட்டென்று மேலே எகிறும். மாட்டியிருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு, அனுபவசாலிகளே மறந்துவிடுவது இது. அதே கணத்தில் ட்ரெய்லர் இழுவை வண்டியின் பின்புறத்தைத் தூக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களில்தான். அவை தரையை விட்டு லேசானால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாதது போல. ஆகவே இழுவை வண்டியின் முன்சக்கரங்களுக்கும் ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள், ட்ரெய்லரின் வாலுக்குக் கீழே முட்டு வையுங்கள்.

தாழ்வான கார்களில் முன் பம்பர் உரசுவது ரேம்ப் குட்டையாக இருப்பதால். தளம் 60 செ.மீ. உயரத்தில் இருந்து ரேம்ப் 1.5 மீட்டர் நீளம் என்றால் சரிவு சுமார் 24 டிகிரி. அதையே 2.4 மீட்டராக்கினால் 14 டிகிரிக்குச் சற்று மேலாகக் குறைகிறது. நீள ரேம்ப் கைவசம் இல்லையா? ரேம்ப்பின் அடியில் கனமான பலகைகளை அடுக்கி வைத்து ஏற்றத்தை இரண்டு கட்டமாக்கலாம். தரை வாகாக இருந்தால், ரேம்ப்பின் கால் மேடான பக்கத்தில் இறங்கும்படி ட்ரெய்லரை நிறுத்தினாலும் சரிவு குறையும்.

வழி சொல்பவர் நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டில். காருக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக்கூடாது. வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து இழுத்தால் கம்பியின் நேர்கோட்டில் யாருமே நிற்கக்கூடாது.

கட்டுவதில் வரும் அலட்சியம்

பிரேக் போட்டு கியரில் விட்டிருக்கிறேன், இரண்டு பெல்ட் போதும் என்பார்கள். கடும் பிரேக்கில் சரக்கு முன்னால் தள்ளும் விசையை அதன் எடையில் 0.8 பங்கு என்றும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கு என்றும் ஐரோப்பிய தரநிலை EN 12195-1 கணக்கில் எடுக்கிறது. 2,000 கிலோ காருக்கு அது 1,600 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். நாலு மூலையிலும் தனித்தனி பெல்ட் போடுங்கள்.

பெல்ட்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பல நேரங்களில் அறுந்துபோகும் அளவு. நமக்கு வேண்டியது வேலைப்பளு வரம்பு, அதாவது பெல்ட்டை நம்பிக் கட்டக்கூடிய அளவு. அமெரிக்க வகை பெல்ட்களில் அது மூன்றில் ஒரு பங்குதான்: 4,500 கிலோவில் அறும் பெல்ட்டை 1,500 கிலோவுக்கு மட்டுமே நம்பலாம்.

எங்கே கட்டுவது? என் தேர்வு சக்கரம்தான். டயரைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் போட்டால் காரின் சஸ்பென்ஷன் சாலைக் குலுக்கலுக்கு ஏற்ப ஆடிக்கொள்ளும், பெல்ட்டும் தளராது. சேஸிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) கட்டினால் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கார் அமுங்கி பெல்ட் ஒரு நொடி தொளதொளக்கும், அந்த நொடியில் பெல்ட்டின் கொக்கி கழன்றுவிட வாய்ப்பு உண்டு. ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் தானாகவே உயரத்தை மாற்றிக்கொள்ளும், அதனால் முதலில் போக்குவரத்து நிலைக்கு (உயரம் மாறாமல் நிறுத்தும் அமைப்புக்கு) மாற்றிவிட்டுத்தான் கட்ட வேண்டும். பம்பரில் திருகி மாட்டும் இழுவை வளையம் பொதுவாக நேராக இழுப்பதற்கு மட்டும் செய்தது. அதில் பெல்ட் மாட்டுவது தவறு.

பல கார் ஏற்றும் ட்ரெய்லரில்

இங்கே ஏற்றும் வரிசையை இறக்கும் வரிசையிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். முதலில் இறங்க வேண்டிய கார் உள்ளே மாட்டிக்கொண்டால் வழியில் மற்ற கார்களை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் கீறல் விழ வாய்ப்பு. அதற்காக வரிசையை மட்டுமே பார்த்துக் கனமான காரை மேல் தட்டின் வாலில் வைத்துவிடாதீர்கள். எடையா வரிசையா என்று வந்தால் எடைதான். எண்ணெய் ஒழுகும் காரை மேலே ஏற்றினால் கீழே உள்ளதன் பெயின்ட் போச்சு. ஒன்றின் பானெட்டை இன்னொன்றின் டிக்கிக்குக் கீழே நுழைத்து இடம் மிச்சம் பிடிப்பது நல்ல உத்தி, ஆனால் நிற்கும்போது இருக்கும் இடைவெளி ஓடும்போது இருக்காது. குலுக்கலுக்கும் இடம் விடுங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு மொத்த உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

கிளம்பிச் சில கிலோமீட்டரிலேயே ஒரு முறை நிறுத்துங்கள். கார் தளத்தில் அமர்ந்திருக்கும், பெல்ட்கள் தளர்ந்திருக்கும். நாலையும் மறுபடி இறுக்கிவிட்டு, ட்ரெய்லர் சக்கரங்களின் ஹப் (நடுப்பகுதி) அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதன் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. அதைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.