ரொறன்ரோவில் முதல் வீடு: நம்மவர் நடுவிலா, கொஞ்சம் தள்ளியா?

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் தமிழர் பலருக்கு முதல் விலாசம் வேறொருவர் தீர்மானித்ததாகத்தான் இருக்கும். சித்தப்பாவின் மகன் நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருப்பார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) காலியாக இருக்கும். சனிக்கிழமையே பெட்டிகளோடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் நான்கு மாதமும் பஸ் சாரதியைத் தவிர வேறு யாருடனும் ஆங்கிலத்தில் கதைத்ததாக ஞாபகமில்லை. மீன்கடை, வைத்தியர், வருமான வரி செய்து தருபவர், கார் பழக்குபவர், கோயில் எல்லாம் தமிழில்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மாதங்களில் அதுதான் என்னைத் தாங்கியது. ஆனால் அந்தத் தெருவை நான் தெரிவு செய்யவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஆட்கள் ஆரம்பத்திலேயே ஸ்காபரோவுக்கு வந்தவர்கள் அல்ல. 1983-ல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு யூலை வன்முறைக்குப் பிறகு வந்தவர்களில் பலர் முதலில் தங்கியது நகர மையத்துக்குக் கிட்ட, செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில். பிறகு கிழக்கே ஸ்காபரோ. வீடு வாங்கக் காசு சேர்ந்ததும் புறநகர்களான மார்க்கம், ஏஜாக்ஸ். இந்த நகரத்தில் இது பழைய வழக்கம். யூதர்கள் கென்சிங்டன் சந்தைப் பக்கமிருந்து பாதர்ஸ்ட் தெருவோடு வடக்கே தோர்ன்ஹில் வரை போனார்கள். இத்தாலியர்கள் காலேஜ் தெருவிலிருந்து செயின்ட் கிளேயர், அங்கிருந்து வுட்பிரிட்ஜ். அந்தக் காலத்தில் யூதருக்கு விற்கக் கூடாது என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிவைத்த இடங்களும் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இருந்தன. அப்படியொரு நிபந்தனை செல்லாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1950-ல். இப்போது யாரும் உறுதியில் எழுதுவதில்லை. வாடகையும் சொந்தபந்தமும் சேர்ந்து ஆட்களைப் பிரித்து வைத்துவிடுகின்றன.

கனடியப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் ஆய்வொன்று, ஒரே சிறுபான்மை இனத்தவர் 30 சதவீதத்துக்கு மேல் வாழும் வட்டாரங்களை எண்ணிப் பார்த்தது. ரொறன்ரோ, மொன்றியால், வன்கூவர் மூன்றிலும் சேர்த்து 1981-ல் 6 இருந்தன. 2001-ல் 254. பெரும்பாலும் சீனருடையவையும் தெற்காசியருடையவையும்தான். இதை வைத்து அவை எல்லாம் ஏழைப் பகுதிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மார்க்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், இரண்டு கார் நிற்கும் கராஜோடு வரிசையாக வீடுகள்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒரு பிரிவினை. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹுல்சான்ஸ்கி நகரத்தின் வட்டாரங்களை வருமானப்படி பிரித்துக் காட்டினார். 1970-ல் 66 சதவீதம் நடுத்தர வருமானப் பகுதிகள். 2005-ல் 29 சதவீதம். குறைந்த வருமானப் பகுதிகள் 19-லிருந்து 53 சதவீதம் ஆயின. வசதியானவர்கள் பெரும்பாலும் சுரங்க ரயில் பாதைகளை ஒட்டி இருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் ரயில் எட்டாத வடகிழக்கிலும் வடமேற்கிலும். ஸ்காபரோவுக்கு என்று 1985 முதல் ஓடிய சின்ன ரயிலும் 2023 யூலையில் தடம் புரண்டது. அதற்குப் பிறகு ஓடவே இல்லை. புது சுரங்கப் பாதை முடியும் வரை பஸ்தான்.

சரி, வீடு பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது குசினியை (சமையலறையை)ப் பற்றி. கடைப் பலகைகளில் ‘தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்’ என்று விளம்பரம் இருக்கும். இனம், பிறந்த நாடு பார்த்து வாடகைக்கு மறுப்பது ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது. ஆனால் குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்தால் அந்தத் தடை பொருந்தாது. அதைவிட முக்கியம், அப்படிப் பகிரும்போது வாடகையாளர் சட்டமும் பொதுவாக உங்களைக் காப்பாற்றாது. நாளைக்கே போ என்றால் வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வழியில்லை. பேஸ்மென்ட் எடுத்தால் தனிக் குசினி, தனிக் குளியலறை உள்ளதாக எடுங்கள். மாதம் நூறு, இருநூறு டொலர் கூடினாலும் பரவாயில்லை.

முற்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே கேட்கலாம். ‘ஏதாவது உடைந்தால்’ என்று என்னிடம் ஒருவர் தனியாக ஒரு தொகை வாங்கினார். அப்படி வாங்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது, அண்ணை என்று கூப்பிட்டவரிடம் சட்டம் கதைக்கத் துணிவும் இருந்திருக்காது. ஒப்பந்தம் மாகாணத்தின் பொதுப் படிவத்திலேயே இருக்கட்டும். உறவுக்காரர் என்றாலும்தான்.

அப்புறம், தள்ளி இருந்தால் நம்மவரை இழந்துவிடுவோம் என்ற பயம். 2024 பெப்ரவரி முதல் ரொறன்ரோ பஸ்ஸிலிருந்து மார்க்கம் பக்கத்து பஸ்ஸுக்கு மாற இரண்டாம் கட்டணம் இல்லை. முன்பு நகரத்தின் வட எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினாலே இன்னொரு தடவை காசு. இப்போது வேலைத்தலத்துக்குக் கிட்ட இருந்துகொண்டு வார இறுதியில் மரக்கறி வாங்க ஸ்காபரோ வரலாம். கார் வாங்கும் எண்ணம் இருந்தால், காப்புறுதிக் கட்டணம் உங்கள் தபால் குறியீட்டைப் பொறுத்தும் மாறும்; கையெழுத்து வைக்கும் முன் அந்த விலாசத்துக்கு எவ்வளவு என்று விசாரியுங்கள். பிள்ளைகள் போகும் அரசுப் பள்ளிக்கூடத்தையும் பெரும்பாலும் விலாசம்தான் தீர்மானிக்கிறது.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மச்சானின் காரில் போகாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அந்த வீட்டுக்குக் கிட்ட உள்ள தரிப்பிடத்தில் நின்று, பஸ் ஏறி, வேலைத்தலம் வரை போய்ப் பாருங்கள். முடிந்தால் பெப்ரவரியில்.