ஏசி பிரஷர் சென்சார்: பையன்கள் செய்யும் தவறு, நானும் செய்த தவறு

போன வாரம் புதுப் பையன் ஒருவன் ஓரடி வயரோடு பானெட்டுக்குள் குனிந்திருந்தான். "கம்ப்ரஷர் எடுக்கலைங்கண்ணா, சென்சார் போயிருச்சு. ஜம்பர் அடிச்சுப் பாக்கறேன்" என்றான். ஜம்பர் அடிப்பது என்றால் சென்சாரை விட்டுவிட்டு வயரை நேராகச் சேர்ப்பது. இருபது வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. ஃபியூஸ் பார்க்காதது, கப்ளரைச் சரியாக மாட்டாதது எல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஜம்பர் அடிப்பது

அப்போது வந்த பல வண்டிகளில் சென்சார் கிடையாது, சுவிட்ச்தான். ஹை சைடு பைப்பில், அதாவது கம்ப்ரஷர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கத்தில், பிரஷர் சுமார் 2 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) கீழே போனாலும், 30 பாரை நெருங்கினாலும் கம்ப்ரஷரைக் கட் செய்துவிடும். ஒரு வேனில் அந்தச் சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினேன். கம்ப்ரஷர் கிளட்ச் 'டக்' என்று பிடித்தது. குளிர்ச்சி பேருக்குத்தான். "நாளைக்கு வாங்க, கேஸ் அடிச்சுக்கலாம்" என்று வயரை எடுக்காமலே அனுப்பிவிட்டேன்.

வேன் தாராபுரம் தாண்டவில்லை. கம்ப்ரஷர் ஜாம், பெல்ட் கருகிப் புகை. கம்ப்ரஷருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வரும். கேஸ் இல்லையென்றால் ஆயிலும் திரும்பாது. சுவிட்ச் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன். உள்ளே தேய்ந்த அலுமினியத் தூள், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வரை போயிருந்தது. கம்ப்ரஷர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, நாலும் மாற்றினோம். பில்லில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

இப்போது பெரும்பாலும் வருவது மூன்று வயர் சென்சார்: 5 வோல்ட், எர்த், சிக்னல். பல சென்சார்களில் உள்ளே மெல்லிய செராமிக் தகடு இருக்கும். கேஸ் அழுத்த அழுத்த அது வளையும். அந்த வளைவு பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் சிக்னலாக ஈசியூவுக்கு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்ரஷரை விடுவதா, கூலிங் ஃபேனை வேகமாகச் சுற்றுவதா என்று முடிவெடுப்பது ஈசியூ. இதில் சிக்னலையும் 5 வோல்ட்டையும் சேர்த்தால் பிரஷர் எகிறிவிட்டது என்று நினைத்துக் கட் செய்யும். பேட்டரி 12 வோல்ட்டைக் கொடுத்தால் இன்னும் மோசம். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட் லைனில் இன்ஜின் சென்சார்களும் தொங்கும். ஏசி பார்க்க வந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்கும்.

பையனிடம் வயரைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் காட்டும் கேஜ் மாட்டச் சொன்னேன். ஒரு பார்கூட இல்லை. கண்டென்சர் ஜாயின்டில் ஆயில் கசிந்து புழுதி அப்பியிருந்தது. சென்சார் நன்றாகத்தான் இருந்தது.

நிற்கும் வண்டியில் பிரஷர் பார்த்து "கேஸ் ஃபுல்" என்பது

30 டிகிரி வெயிலில் 134ஏ என்ற ஏசி கேஸ், இன்ஜின் ஓடாதபோது சுமார் 6.7 பார் காட்டும். பாதி இருந்தாலும் அதே 6.7தான், உள்ளே திரவம் இருக்கிறவரை. அளவு தெரிய வேண்டுமா? கேஸை மெஷினில் இழுத்து எடை போடுங்கள். எத்தனை கிராம் என்று பானெட் ஸ்டிக்கரில் இருக்கும்.

டிராஃபிக்கில் கட் ஆனால் சென்சாரை மாற்றுவது

முதலில் ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்சரில் சேறு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கேஜ் காட்டும் பிரஷரும், ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனர் காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

பழைய ஓ-ரிங்கையே (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடுவது

வேண்டாம்.

கேஸ் இருக்கும்போதே சென்சாரைக் கழற்றுவது

சில வண்டிகளில் சென்சாருக்கு அடியில் கேஸை அடைக்கும் வால்வு இருக்கும், சிலவற்றில் இருக்காது. தெரியாவிட்டால் கேஸை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். திரவம் பட்ட இடம் நெருப்புப் பட்டது போலக் கொப்பளிக்கும்.