தலைக்காயமும் விபத்து இழப்பீடும்: குடும்பங்கள் செய்யக் கூடாத தவறுகள்

கால் முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மூளையில் அடிபட்டவரோ ஓரிரு மாதங்களில் எழுந்து நடப்பார், பார்க்க வருபவர்களிடம் சிரித்துப் பேசுவார். ஆனால் நேற்று யார் வந்தார்கள் என்பது நினைவில் இருக்காது. தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். பழைய வேலைக்குப் போனால் ஒரு வாரம்கூடத் தாங்காது. வெளியே தெரியாத இந்தச் சேதத்தைத்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிரூபித்தாக வேண்டும். பல குடும்பங்கள் முதல் நாளிலேயே இதைக் கோட்டை விட்டுவிடுகின்றன.

கேசுவாலிட்டியில் டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிடும். பிற்பாடு இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான்: "தானாக விழுந்தவர், எங்கள் வண்டி மோதவே இல்லை." அதனால் எந்த வண்டி, எங்கே, எப்படி மோதியது என்பதை அங்கேயே சொல்லுங்கள். வண்டி நிற்காமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். நினைவு தப்பியதா, வாந்தி வந்ததா, காதில் ரத்தம் வந்ததா என்பதும் பதிவாக வேண்டும். நினைவு நிலையை டாக்டர்கள் ஜி.சி.எஸ். என்ற அளவில் 3 முதல் 15 வரை குறிப்பார்கள். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான தலைக்காயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, "போலீஸ் எதற்கு, ஆஸ்பத்திரி செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வண்டிக்காரர் சொல்வதை நம்புவது. பில் லட்சத்தைத் தாண்டியதும் அவர் போனை எடுக்க மாட்டார். எஃப்.ஐ.ஆர். தாமதமானால் அந்தத் தாமதமே நமக்கு எதிரான வாதமாகிவிடும். இடித்த வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாமலே போனாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. யார் மீது தவறு என்று பார்க்காமலே படுகாயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164ஆம் பிரிவு, மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி தரும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். வாழ்நாள் முழுக்க ஆள் துணை தேவைப்படுபவருக்கு 2.5 லட்சம் எந்த மூலைக்கு? மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது தவறில்லை. ஆனால் அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. தலைக்காயத்தில் வலிப்பு பல மாதம் கழித்துக்கூட வரலாம். வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் அதைத் திரும்பப் பொருத்த இன்னொரு ஆபரேஷன் வேண்டும். இதெல்லாம் தெரிவதற்கு முன் தொகை பேசாதீர்கள்.

அதற்காக மனு போடுவதையே தள்ளிப்போடக் கூடாது. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. அதை எதிர்க்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

ஊனச் சான்றிதழில் இருக்கும் சதவீதத்தை மட்டும் நம்புவதும் தவறு. உடல் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது வேறு. 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணக்கு எழுதிப் பிழைத்தவருக்கு நினைவாற்றல் போனால் கை கால் நன்றாக இருந்து என்ன பயன்? நினைவாற்றல், கவனம் ஆகியவற்றைச் சோதிக்கும் உளவியல் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். அவர் செய்த வேலைக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் சேருங்கள். கூட இருந்து கவனிப்பது மனைவியோ அம்மாவோ என்பதால் அந்த உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறார்கள். மனம் ஏற்க மறுக்கும் அநியாயம் இது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில், உயர் நீதிமன்றம் தந்த சுமார் 26 லட்சத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. உதவியாளர் செலவை எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டது அந்த உயர்வுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஹெல்மெட் போடாததால் வழக்கே நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, எழுதவே கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்கு அழைத்து வந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனால், துக்கத்தில் உடனே அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் போலீஸுக்குத் தகவல் சொல்லிப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால், விபத்துக் காயத்தால்தான் உயிர் போனது என்று நிரூபிக்கக் குடும்பம் மிகவும் திண்டாட வேண்டியிருக்கும்.